செத்தாக வேண்டிய பிணை

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டை விற்க முன்பணம் வாங்கியிருந்தார். வாங்க வந்தவர், சொத்தின் மீது பதிவான அடமானம், விற்பனை போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், பழைய வங்கி அடமானம் அப்படியே நிற்கிறது. "கடைசித் தவணை கட்டி ஆறு வருஷம் ஆச்சு சார். மூலப்பத்திரம்கூட என் கையில்தான் இருக்கு. அப்புறம் எப்படி அடமானம்?" என்று கேட்டார்.

அடமானத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் மோர்ட்கேஜ் என்ற சொல்லை அவருக்குப் பிரித்துச் சொன்னேன். பழைய பிரெஞ்சில் 'மோர்' என்றால் செத்தது, 'காஜ்' என்றால் பிணை. செத்த பிணை. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே நீதிமன்ற மொழியாகப் பிரெஞ்சு பல காலம் இருந்தது. சட்டச் சொற்கள் பலவும் அப்படி வந்தவைதான். இன்றைய பிரெஞ்சுக்காரர்கள் அடமானத்துக்குக் கிரேக்க வழி வந்த வேறு சொல்லைச் சொல்கிறார்கள்.

ஏன் செத்தது? 15ஆம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி தாமஸ் லிட்டில்டன் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்துப்போகிறது. கட்டிவிட்டால் பிணை கடன் கொடுத்தவருக்குச் செத்துப்போகிறது. 12ஆம் நூற்றாண்டில் வேறு பொருள் இருந்தது: நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார், ஆனால் அசலில் ஒரு காசும் குறையாது. கேட்டதும் நம் ஊர் போக்கியம் நினைவுக்கு வருகிறதல்லவா? வட்டிக்குப் பதில் வீட்டில் குடியிருப்பார்கள், அசல் அப்படியே நிற்கும்.

ஆசிரியையின் விஷயத்தில் பிணை செத்துவிட்டது, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அது தெரியாது. வீட்டுக்கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கு உரிமை வைப்பு ஆவணம் பதிவாகியிருந்தது. கடன் முடிந்ததும், அது தீர்ந்துவிட்டது என்று காட்டும் ரசீது ஆவணத்தை வங்கி சார்பில் பதிவு செய்திருக்க வேண்டும். 'கடன் பாக்கி இல்லை' என்ற கடிதமும் மூலப்பத்திரமும் வந்ததோடு அவர் நிம்மதியாக இருந்துவிட்டார். நிறையப் பேர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். அவருக்குக் கடன் கொடுத்த கிளை இப்போது இல்லை. பழைய கணக்கைத் தேடி, அதிகாரம் உள்ள அலுவலரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்து ரசீது பதிவு செய்ய ஏழு வாரம் ஆனது. வாங்க வந்தவர் அதுவரை காத்திருக்கவில்லை.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவான அடமானப் பொறுப்பையும் நீக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டியவற்றுக்கே இது பொருந்தும் என்பதால் ஆசிரியைக்கு உதவவில்லை. உங்களுக்கு உதவும். கடைசித் தவணை கட்டிய தேதியைக் குறித்துவைத்து எழுத்தில் கேளுங்கள். ரசீது பதிவான பிறகு புதிதாக வில்லங்கச் சான்று போட்டு அந்த ரசீதுப் பதிவு அதில் வந்துவிட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. தனியாரிடம் கடன் கேட்டுப் போகும்போது, "அடமானம் வேண்டாம், கிரயமாகவே எழுதிக் கொடுங்க, பணம் வந்ததும் திருப்பி எழுதித் தர்றேன்" என்பார்கள். கிரயம் என்றால் விற்பனை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுதவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அடமானம் வைத்தவருக்குப் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையை 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 60ஆம் பிரிவில் தருகிறது. கிரயம் கொடுத்தவருக்கு அந்த உரிமை கிடையாது. திருப்பித் தருவதாகத் தனித்தாளில் எழுதி வாங்கிக்கொண்டாலும் அது அடமானம் ஆகாது. அந்த நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும் என்று 1929 திருத்தம் சொல்கிறது. இப்படி யாராவது கேட்டால், பத்திரம் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வந்தால் எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு.