காக்டெயில்: சொல் வந்த வழியும் அதற்கான தமிழும்

காக்டெயில் என்ற சொல்லை இரண்டாகப் பிரித்தால் சேவல், வால் என்று வரும். கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹாலோவீன் விருந்துக்கு அடித்த அழைப்பில் 'வண்ண வண்ணச் சேவல்வால் பானங்கள்' என்று போட்டிருந்தார்களாம். அதைப் படித்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க, கறி விருந்துங்களா?" என்று கேட்டாராம். நடந்ததோ கட்டிவிட்டதோ, கேள்வி சரியான கேள்வி.

இன்றைய பொருளில் காக்டெயில் என்பது ஒரு மதுவோடு வேறு மதுவோ, பழச்சாறோ, சர்க்கரைப் பாகோ, சோடாவோ, நறுமணப் பொருளோ அளவு பார்த்துச் சேர்த்த பானம். 'அளவு பார்த்து' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பிராந்தியோடு சேர்க்கும் தண்ணீருக்கும் சோடாவுக்கும் கோலாவுக்கும் பெயர் 'மிக்ஸிங்'. "மிக்ஸிங்குக்கு என்ன வாங்கியாரட்டும்?" என்பார்கள். அது மதுவின் காரத்தைக் குறைப்பதற்கு. எதைச் சேர்த்தாலும் குடிப்பவருக்கு அது பிராந்திதான். காக்டெயிலில் சேர்மானம் எல்லாம் கலந்து மூன்றாவதாக ஒரு சுவை வர வேண்டும். தனிப் பெயர் வைப்பதும் அதனால்தான்.

இந்தச் சொல் பானத்துக்குப் பெயராக அச்சில் தென்படுவது 1798ஆம் ஆண்டு லண்டன் நாளிதழ் ஒன்றில். அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் ஒரு துணுக்கு அது. அங்கே காக்டெயில் என்று சொல்லிவிட்டு, சாதாரண வழக்கில் அதை இஞ்சி என்பார்கள் என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறது. 1803இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பத்திரிகை ஒன்றிலும் வருகிறது. விளக்கம் கிடைப்பது 1806 மே மாதத்தில், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் என்ற ஊரில் வெளிவந்த வார இதழில். காக்டெயில் என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன என்று வாசகர் ஒருவர் கேட்க, ஆசிரியர் பதில் சொல்கிறார்: ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு, இந்த நான்கும் சேர்ந்தது. கூடவே ஒரு குத்தல். தேர்தலில் நிற்கும் வேட்பாளருக்கு இது ரொம்பவும் உதவுமாம். ஏனென்றால் இதில் ஒரு கோப்பையை விழுங்கியவர் அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் விழுங்கிவிடுவாராம். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் குத்தல் பழசாகவில்லை.

அந்த நான்கில் கசப்புத்தான் முக்கியம். சாராயமும் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த பானத்துக்கு அன்றைக்கே 'ஸ்லிங்' என்று தனிப் பெயர் இருந்தது. கசப்பு விழுந்தால்தான் காக்டெயில். பின்னால் பழச்சாறு, முட்டை, பாலாடை என்று என்னென்னவோ சேர்ந்து, எல்லாமே காக்டெயில் என்று ஆனபோது, 'எனக்குப் பழைய மாதிரியே கொடு' என்று கேட்டவர்களால் 'ஓல்டு ஃபேஷன்ட்' என்ற பெயர் நிலைத்தது.

சரி, சேவல் எங்கே வந்தது? கதைகளுக்குப் பஞ்சம் இல்லை. சேவலின் வால் இறகைக் கோப்பையில் சொருகிக் கொடுத்தார்கள் என்பது ஒன்று. சேவல் சண்டையில் ஜெயித்த பறவையின் பெயரால் குடித்தார்கள் என்பது இன்னொன்று. கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசில் பொங்கலுக்குச் சேவல் கட்டுகிற ஆட்களுக்கு இது பிடிக்கும், ஆனால் சான்று கிடையாது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மருந்துக் கடைக்காரர் பேஷோ என்பவர் முட்டை வைக்கும் கிண்ணத்தில் பானத்தை ஊற்றிக் கொடுத்தார், அந்தக் கிண்ணத்தின் பிரெஞ்சுப் பெயரான 'கொக்கெத்தியே' மருவிக் காக்டெயில் ஆனது என்பது ரொம்பப் பிரபலம். காலக் கணக்கு இடிக்கிறது. அவர் கடை வைத்தது 1830களில். சொல்லோ அதற்கு முப்பது வருஷம் முன்பே அச்சில் இருக்கிறது.

நம்பத் தகுந்த இரண்டு விளக்கங்களும் குதிரையிலிருந்து வருகின்றன. இங்கிலாந்தில் வண்டிக் குதிரை, வேட்டைக் குதிரைகளுக்கு வாலைக் கட்டையாக நறுக்கிவிடுவார்கள். மிச்சம் இருக்கும் துண்டு சேவல் வாலைப் போல நட்டமாக நிற்கும். அதனால் அவற்றுக்குக் காக்டெயில் குதிரை என்று பெயர். பந்தயத்துக்கு வளர்க்கும் தூய இனக் குதிரைக்கு வால் நறுக்குவதில்லை. ஆகவே காக்டெயில் என்றாலே தூய இனம் இல்லாத, கலப்புக் குதிரை என்று பொருள் ஆனது. காங்கேயம் சந்தையில் மாட்டின் திமிலையும் கொம்பையும் பார்த்து 'இது கலப்புங்க' என்று ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார்களே, அந்த மாதிரிப் பேச்சு. கலப்புக் குதிரையின் பெயர் கலப்பு மதுவுக்கு வந்தது என்பது முதல் விளக்கம். இரண்டாவது, அந்த 1798 துணுக்கின் இஞ்சியைப் பிடித்துக்கொண்டு போகிறது. கிழட்டுக் குதிரையை விற்கும் தரகர்கள் அதன் பின்புறத்தில் இஞ்சியை வைப்பார்கள். எரிச்சலில் குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளும், வாங்க வந்தவர் இளங்குதிரை என்று ஏமாறுவார். வாலைத் தூக்க வைக்கும் காரமான பானம் காக்டெயில். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, அந்த இஞ்சிக் குறிப்புக்கு வேறு எந்தக் கதையிலும் இடம் இல்லை.

எப்படிப் பார்த்தாலும் சேவலுக்கும் பானத்துக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை. ஆகவே 'சேவல்வால்' பிழை.

தமிழில் ஏற்கெனவே புழங்கும் பெயர்கள் என்ன? கலப்பு மது, கலவை மது, மதுக்கலவை என்ற மூன்றையும் பத்திரிகைகளில் பார்க்கலாம். இதில் 'கலப்பு மது' என்பதை நான் எழுத மாட்டேன். இலக்கணப்படி குறை ஒன்றும் இல்லை. ஆனால் கலப்பு என்றவுடன் தமிழ்நாட்டில் காதில் விழுவது கலப்படம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, அந்தச் சொல்லை விருந்து அழைப்பில் போட மனம் வருமா? 'மதுக்கலவை' ஆய்வகத்துச் சாமான் மாதிரி இருக்கிறது. 'கலவை மது' ஓரளவு இயல்பாக நிற்கிறது, மது உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அழகாக இருக்கிறது என்று சிலர் 'தேறல்' என்ற சங்கச் சொல்லை எடுத்து வருகிறார்கள். யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க பாண்டியன் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது. அந்த யவனர் சரக்கு கொங்கு வழியாகவும் போயிருக்கிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வரும் பாதையில்தான் நொய்யல் கரைக் கொடுமணலும், ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடும் கிடைத்த கரூரும் இருக்கின்றன. இவ்வளவு பெருமை இருந்தும் காக்டெயிலுக்குத் தேறல் ஒத்து வராது. தேறு என்றால் தெளி. மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். கலந்ததற்கு நேர் எதிர்.

கொங்கில் இருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பதை நாம் 'தெளுவு' என்கிறோம் அல்லவா? சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய, புளிக்காத பனஞ்சாறு. தெளி, தெளுவு, தேறல் எல்லாம் ஒரே வேர்க் குடும்பம். ஒன்று போதை தருவது, ஒன்று தராதது. இரண்டிலும் பெயரில் நிற்பது தெளிவுதான். தெளுவு மரத்துக்காரரிடம் போய், நாலு நிறத்தில் கலக்கிய பானத்துக்குத் தேறல் என்று பெயர் என்றால் சிரிப்பார்.

மது இல்லாதது 'மாக்டெயில்'. போலி என்று பொருள்படும் 'மாக்' என்ற சொல்லைக் காக்டெயிலோடு ஒட்டிச் செய்த சொல். அதை அப்படியே 'போலி மது' என்று தமிழாக்கினால் காவல்துறைதான் வரும். 'கலவைப் பானம்' போதும். தேர் நோம்பிக்குத் தண்ணீர்ப் பந்தலில் ஊற்றும் பானகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம், தண்ணீர். இனிப்பும் புளிப்பும் காரமும் அளவாகச் சேர்ந்த அதைப் போலி என்று யாரும் சொன்னதில்லை. இங்கே மது இல்லாத விருந்துக்கு வரலாறும் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜியின் ஆட்சியில்.

காக்டெயில் பானத்தை விட்டு வெளியே போன இடங்களில் தமிழ் தானே வழி கண்டுபிடித்திருக்கிறது. ஃப்ரூட் காக்டெயில் பழக்கலவை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது கூட்டு மருந்து. மொலட்டோவ் காக்டெயில் நம் செய்திகளில் பெட்ரோல் குண்டு.

ஹாலோவீனுக்கு வருவோம். ஹாலோ என்பது புனிதர், ஈன் என்பது மாலைப்பொழுது. நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா. அதற்கு முந்தின மாலை அக்டோபர் 31. பெருவிழாவுக்கு மறுநாள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அது பழைய தேவாலயம் உள்ள கருமத்தம்பட்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. பேய் வேடமும் விளக்கும் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பழக்கங்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே தாராளமாகக் கிடைத்த மஞ்சள் பூசணிக்கு மாறினார்கள். பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கிக்காய் என்று மற்ற பக்கங்களில் சொல்லும் அதே காய்தான் நமக்கு அரசாணிக்காய். ஹாலோவீனின் ஆரஞ்சு நிறம் அதிலிருந்து வந்தது. 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்ததால், கோவையில் அன்றைக்குப் பேய்களை வெடிச் சத்தமே விரட்டியிருக்கும்.

இந்த விருந்துப் பானங்களில் நிறம்தான் பாதி வேலை. ஆரஞ்சுக்கு வேகவைத்து மசித்த அரசாணியும் ஆரஞ்சுச் சாறும். ரத்தச் சிவப்புக்குக் கிரெனடின் என்ற பாகு கேட்பார்கள். பிரெஞ்சில் கிரெனாட் என்றால் மாதுளை, ஆகவே அது மாதுளைப் பாகு. வீட்டிலேயே மாதுளைச் சாற்றில் சர்க்கரை போட்டுக் காய்ச்சலாம். சர்க்கரை அதிகம் உள்ளது கனமானது, அது கோப்பையின் அடியில் போய் நிற்கும். கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெதுவாக ஊற்றினால் மேலே உள்ள நிறம் கலையாது.

நீலத்துக்குச் சங்குப்பூவை மிஞ்ச எதுவும் இல்லை. வேலியோரம் படரும் கொடிதான், சங்கப் பாட்டில் கருவிளை. காய்ந்த பூ பத்துப் பன்னிரண்டை வெந்நீரில் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் மை நீலம் இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் கண் முன்னாலேயே ஊதாவாகி, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். பூவின் ஆந்தோசயனின் நிறமி புளிப்புக்குத் தகுந்தபடி நிறம் மாறுவதுதான் காரணம். சமையல் சோடாவைத் தொட்டால் பச்சைக்குப் போகும், ஆனால் வாயில் வைக்க முடியாது. எலுமிச்சையை விருந்தாளியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள், மந்திரவாதி வேலையை அவரே செய்யட்டும்.

இருட்டில் ஒளிரும் பானத்துக்கு டானிக் வாட்டர். அதிலுள்ள குயினின் புற ஊதா விளக்கில் நீலமாக மின்னும். குயினின் வருவது சின்கோனா மரப்பட்டையிலிருந்து. நீலகிரியில் 1860களிலிருந்து அதைப் பயிரிட்டார்கள், ஆனைமலையிலும் தோட்டம் போட்டார்கள். வால்பாறைப் பக்கம் சின்கோனா என்று ஊரே இருக்கிறது. 1806இன் அந்தப் பழைய இலக்கணம் கேட்ட கசப்பும் இதில் தானாக வந்துவிடுகிறது.

கறுப்புக்குத்தான் யோசிக்க வேண்டும். வெளிநாட்டு விருந்துகளில் 'ஆக்டிவேட்டட் சார்கோல்' என்கிற செயலூட்டிய கரியைப் போடுகிறார்கள். நம் காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டு எடுக்கும் கரியிலிருந்து செய்வதுதான், பெரும்பாலும் வடிகட்டிகளுக்குப் போவது. விஷம் குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுப்பார்கள், விஷத்தைத் தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால். சாப்பிட்ட மாத்திரையையும் அதே மாதிரி பிடித்துக்கொள்ளும். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2018இல் உணவகங்கள் இதைச் சேர்ப்பதைத் தடுத்தது. கறுப்புத் திராட்சைச் சாறு மங்கிய வெளிச்சத்தில் போதுமான கறுப்பு. கடைப் பொடிச் சாயத்தைத் தொடவே வேண்டாம். பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது.

புகைக்கு உலர் பனிக்கட்டி. உறைந்த கரியமில வாயு, பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரிக்கும் கூடுதலான குளிர். கோப்பைக்குள் துண்டைப் போட்டுக் கொடுப்பது குற்றத்துக்குச் சமம்; 2024 மார்ச்சில் குருகிராமில் உணவகம் ஒன்றில் வாய் மணக்கும் பொருள் என்று நினைத்து அதை வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். பெரிய பாத்திரத்தில் வெந்நீரும் உலர் பனிக்கட்டியும், அதற்குள் சின்னப் பாத்திரத்தில் பானம் என்று வைத்தால் புகை விளிம்பில் வழியும், பானத்தில் எதுவும் சேராது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கண்விழிக்கு லிச்சிப் பழத்துக்குள் ஒரு கறுப்புத் திராட்சை. நுங்கு இன்னும் பொருத்தம்தான், அக்டோபரில் கிடைக்காதே.

இனி பலகையில் எழுத வேண்டியது. 'கலவை மது', 'கலவைப் பானம்' என்று இரண்டு மேசைகளுக்கும் பெரிய எழுத்தில் தனித்தனியாக எழுதுங்கள். கீழே பானத்துக்குப் பானம் ரத்தக்காட்டேரி, கருவிளை, அரசாணிப் பேய் என்று விருப்பம் போல் பெயர் வைக்கலாம். தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21. இரண்டு மேசையிலும் ஒரே ஊதா, ஒரே ஆரஞ்சு இருக்கப் போகிறது, பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதனால் மது உள்ள கோப்பைகள் மட்டும் வேறு வடிவத்தில் இருக்கட்டும், அந்த மேசையில் பெரியவர் ஒருவர் கடைசி வரை நிற்கட்டும்.