நான்கு சுற்று கீமோ முடிந்த பிறகும் காப்பீட்டு அட்டைக்கு வேலை இருக்கிறது

முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு சுற்று கீமோ கொடுப்பார்கள். அதன் பிறகு எடுக்கும் ஸ்கேனில் கட்டி சுருங்கியோ வளராமலோ இருந்தால், சிலருக்கு மட்டும் "மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு மருந்தைத் தொடர்ந்து போடலாம்" என்பார் மருத்துவர். இதுதான் பராமரிப்புச் சிகிச்சை. மருத்துவமனையில் மெயின்டனன்ஸ் என்பார்கள். பல குடும்பங்கள் இங்கேதான் திகைத்து நிற்கின்றன. அட்டையில் கீமோ முடிந்துவிட்டதே, இனிமேல் கைக்காசுதானா என்று. பணத்துக்குப் பயந்து யாரும் பாதியில் நின்றுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நோய் ஏற்கெனவே இருந்தது என்று சொல்லித் தள்ளிவிட மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: கீமோவுக்கு இத்திட்டத்தில் ஒரேயடியாக அனுமதி தருவதில்லை. மருந்து வாரியாக, சுற்று வாரியாகத்தான் தருகிறார்கள். பராமரிப்புக்குத் தொடர்ந்து போடும் மருந்துகளில் ஒன்று பெமெட்ரெக்செட் என்ற கீமோ ஊசி. ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் கார்போபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தோடு சேர்ந்த பெமெட்ரெக்செட் ஒரு தொகுப்பு (பேக்கேஜ்), பெமெட்ரெக்செட் மட்டும் கொடுப்பது வேறொரு தொகுப்பு. அதனால் முன்பு வாங்கிய அனுமதியை நம்பி இருக்க முடியாது. புதிய ஸ்கேன் அறிக்கை, பயாப்சி (சதைப் பரிசோதனை) அறிக்கை, மருத்துவர் எழுதிய மருந்துத் திட்டம் ஆகியவற்றோடு மருத்துவமனை மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கடைசிச் சுற்று முடிவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் இதைக் கேட்டுவிடுங்கள். அப்போதுதான் மூன்று வார இடைவெளி தப்பாது.

இது எல்லோருக்கும் உரியதல்ல. நுரையீரல் புற்றுநோயில் பல வகை உண்டு. பெமெட்ரெக்செட் ஸ்குவாமஸ் என்ற வகைக்குப் பொருந்தாது. அடினோகார்சினோமா போன்ற வகைகளுக்குத்தான். கட்டியில் இஜிஎஃப்ஆர் (EGFR) என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு வழக்கமாக ஆரம்பத்திலிருந்தே ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைதான் கொடுப்பார்கள், அதுவே தொடரும். ஆகவே பயாப்சி அறிக்கையில் வகை தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி அதை வைத்துத்தான்.

பலன் எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஓர் ஆய்வில், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் பெமெட்ரெக்செட்டும் சேர்த்துப் போட்டபின் பெமெட்ரெக்செட்டை மட்டும் தொடர்ந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் இதைவிடக் கூடுதலாக வாழ்ந்த காலம்), பராமரிப்பு தொடங்கிய நாளிலிருந்து 13.9 மாதம். தொடராதவர்களுக்கு 11 மாதம். குணமாக்கும் சிகிச்சை இல்லை இது. ஆனாலும் நடமாடிக்கொண்டு வீட்டில் இருக்கும் மாதங்கள் அவை. சோர்வு தாங்க முடியாமல் போனால் இடையில் நிறுத்தவும் மருத்துவரிடம் பேசலாம், அதுவும் நோயாளியின் உரிமை.

பெமெட்ரெக்செட் ஊசியோடு தினமும் ஃபோலிக் அமில மாத்திரை, ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசி, ஊசிக்கு முன்னும் பின்னும் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். சின்ன மாத்திரைதானே என்று ஃபோலிக் அமிலத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் ரத்த அணுக்கள் குறைந்து வாய்ப்புண்ணும் வரும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடக் கூடாது.

5 லட்சம் என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. அதே ஆண்டில் வேறொருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் மிச்சம் குறையும், இருப்பைக் கேட்டு வையுங்கள். அட்டை இல்லாதவர்கள் விஏஓ மூலம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போகலாம். அட்டைக்கு வழியில்லை என்றால் மருத்துவரிடம் மருந்தின் விலையைப் பேசுங்கள். 2019-ல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபத்தை 30 சதவீதமாகக் கட்டுப்படுத்தியதில் பெமெட்ரெக்செட்டும் உண்டு. பல பிராண்டுகளின் விலை நன்றாகவே இறங்கியது.

மருத்துவமனையில் "இது திட்டத்தில் வராது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்பம் அனுப்பினார்களா, நிராகரித்தார்களா, என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அட்டை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள்.