சாம்பாரில் ஐந்து மில்லிகிராம்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எனக்கு சீலியாக் நோய். மேட்டுப்பாளையத்திலிருந்து சைக்கிளில் கோத்தகிரி ஏறி, கோடநாடு காட்சிமுனை வரை போய்ப் படம் எடுக்க ஆசை. கோதுமையைத் தொடவே மாட்டேன். மூன்று நாளும் இட்லி சாம்பாரை வைத்தே ஓட்டிவிடலாம்தானே?"

இட்லி சரி. சாம்பாரைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். அதற்கு முன்னால் குடலுக்குள் ஒரு நடை போய்வரலாம்.

சீலியாக் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, நம் நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைத் தாக்கும் நோய். அஜீரணமும் இல்லை, சாதாரண ஒவ்வாமையும் இல்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டிக்கே பஞ்சம். அப்போது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறிவந்ததைக் கண்ட மருத்துவர் வில்லெம் டிக்கேதான் பழியைக் கோதுமை மேல் உறுதியாகப் போட்டார். ஆனால் கோதுமை எப்படி இதைச் செய்கிறது என்பது பிடிபட இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

சாப்பிட்ட புரதத்தை நொதிகள் சின்னச் சின்னதாக நறுக்கிவிடும். இது பள்ளிக்கூடப் பாடம். குளூட்டனிடம் மட்டும் அது முழுசாகப் பலிப்பதில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. காரணம், அதிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலம். சங்கிலியை விறைப்பாக மடக்கி வைக்கும் குணம் அதற்கு உண்டு. அது நெருக்கமாக வரும் இடத்தில் நொதிகளுக்குப் பிடி கிடைக்காது. 2002-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படித் தப்பிப் பிழைக்கும் ஒரு துண்டை விவரித்தார்கள். மொத்தம் 33 அமினோ அமிலங்கள். அதில் 13 புரோலின், 10 குளூட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலம்.

இந்தத் துண்டு குடல் சுவரைத் தாண்டி உள்ளே போனால் அங்கே ஒரு நொதி இருக்கிறது. பெயர் டிரான்ஸ்குளூட்டமினேஸ். திசுக்களின் தையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு புரதத்திலுள்ள குளூட்டமினையும் இன்னொன்றிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்துத் தைத்துவிடும். காயம் ஆறும்போது இந்த வேலை தேவை. பக்கத்தில் லைசின் கிடைக்காவிட்டால் தண்ணீரை வைத்து வேலையை முடித்துவிடும். குளூட்டமின் அப்போது குளூட்டமேட் என்ற வேறொரு அமினோ அமிலமாக ஆகிவிடுகிறது. எடையில் கூடுவது கிட்டத்தட்ட ஒரு ஹைட்ரஜன் அணு அளவுதான். ஆனால் மின்சுமையே இல்லாத இடத்தில் ஓர் எதிர்மின்சுமை வந்து உட்கார்ந்துவிட்டது.

எல்லாக் குளூட்டமினையும் அது தொடுவதில்லை. குளூட்டமின், அடுத்து ஏதோ ஒன்று, அதற்கடுத்து புரோலின் என்ற வரிசை கண்டால்தான் பிரியம் அதிகம். பார்த்தீர்களா? ஜீரணத்திலிருந்து துண்டைக் காப்பாற்றிய அதே புரோலின்தான் இங்கே காட்டியும் கொடுக்கிறது!

அப்புறம் பரம்பரை. பெரும்பாலான சீலியாக் நோயாளிகளின் செல்களில் டி.க்யூ.2 என்ற மூலக்கூறு இருக்கும். அந்நியப் புரதத் துண்டுகளைத் தூக்கி, டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களுக்குக் காட்டுவது அதன் வேலை. துண்டைப் பிடித்துக்கொள்ளும் அதன் பள்ளம் எதிர்மின்சுமையைத்தான் விரும்பும். மாறாத குளூட்டன் அதில் சரியாக நிற்காது. மாற்றப்பட்டது கெட்டியாக உட்காரும். டி செல்கள் பார்க்கின்றன, கலவரம் தொடங்குகிறது, சிறுகுடலின் உள்சுவரில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. இதில் வேடிக்கை, உடல் தன் சொந்த டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் தேடுவது இதைத்தான். கோதுமையை நிறுத்தினால் இது மெல்லக் குறைந்துவிடும். ஆகவே சந்தேகம் இருப்பவர்கள், பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் இருக்கும் நோயும் தெரியாமல் போகும்.

டி.க்யூ.2-ஐத் தரும் மரபணுவுக்கு வடக்கு தெற்கு பேதம் பெரிதாகக் கிடையாது. ஆனால் 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் இருந்த நோய், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. நம் தட்டில் சோறு. அவர்கள் தட்டில் ரொட்டி. அபூர்வம் என்பதாலேயே இங்கே சட்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை. வயிறு உப்பி, எடை ஏறாத பிள்ளையைத் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அதன்மேல் எனக்கு மரியாதை கிடையாது. வாயில் குழல் வைத்து உறிஞ்சினால் குளூட்டன் வெளியே வராது.

சரி, சைக்கிளுக்கு வருவோம். ஆள், வண்டி, கேமரா எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏற்றம் சுமார் 1,450 மீட்டர். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க 290 கிலோகலோரிதான். ஆனால் தசை, தின்றதில் கால்பங்குக்கும் குறைவாகவே வேலையாக்கும். மீதி வியர்வையோடு போகும் வெப்பம். ஆக உடல் எரிப்பது சுமார் 1,200. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தால் இதை ஈடுகட்டுவது சிரமம். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவற்றின் நுனியில் இருப்பதால் முதலில் போவது அதுதான். டீ குடித்தாலே வயிறு பொருமும். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் இந்த நோய் தாக்கும் சிறுகுடலின் முதல் பகுதியில்தான். ரத்தசோகையோடு மலை ஏறுவது வீண் வம்பு. கிளம்பும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

இனி சாம்பார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பாதியோ அதற்கு மேலோ மைதாவாக இருக்கலாம். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பத்துப் பேர் சாம்பாரில் ஒரு கிராம் போட்டால் மைதா அரை கிராம்; அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 50 மில்லிகிராம்; தலைக்கு 5. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாதகமில்லை என்பது இன்றைய புரிதல். மூன்று வேளை சாம்பார் என்றால் 15 ஆகிவிட்டது. இது பென்சில் கணக்குதான். நம் ஓட்டல் சாம்பார், ரசத்தை ஊர் ஊராக அளந்து அட்டவணை போட ஒரு கருவியும் கொஞ்சம் பணமும் போதும். இதற்கெல்லாம் ஒதுக்காமல் ஆராய்ச்சி நிதியை வேறு எதற்கு வைத்திருக்கிறோம்?

  'நாட்டு ரகம் ஒன்றும் செய்யாது' என்று யாராவது சம்பா கோதுமையை நீட்டினால் வாங்காதீர்கள். அதிலும் குளூட்டன் உண்டு.

மலைமேல் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். படம் எடுப்பவர் வெளிச்சம் இருக்கும் இடத்தில்தான் நிற்பார், இட்லி கிடைக்கும் இடத்தில் அல்ல. கோடநாட்டில் மாயாறு பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு விலகக் காத்திருந்து பசி எடுத்தால் எதிரே இருப்பது வர்க்கியும் பிரெட் ஆம்லெட்டும். வர்க்கி முழுக்க மைதா. பஜ்ஜி கடலைமாவுதான், ஆனால் சமோசா பொரித்த அதே எண்ணெய். தோசைக்கல்லிலும் முந்தின நிமிடம் புரோட்டா கிடந்திருக்கும், திருப்பியும் அதே திருப்பிதான். எனவே கேமரா பையில் கடலை மிட்டாய், அவித்த முட்டை, நேந்திரம்பழம். ஓட்டலில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கேளுங்கள், அதிலும் தாளிப்பில் பெருங்காயம் உண்டா என்று விசாரித்துவிட்டு. வீட்டிலிருந்து ராகி மாவு கொண்டுபோவதானால் மில்லில் கொடுக்காமல் மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். மில்லில் உங்களுக்கு முன்னால் அரைத்தது பெரும்பாலும் கோதுமையாகத்தான் இருக்கும்.