பென்னி ஃபார்திங்: பெயர் வந்த வழியும் தமிழ்ப் பெயரும்

முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சக்கரம், பின்னால் ஒப்புக்கு ஒரு குட்டிச் சக்கரம். 1870களிலும் 80களிலும் இங்கிலாந்தில் ஓடிய இந்த மிதிவண்டிக்குத்தான் பென்னி ஃபார்திங் என்று பெயர். ஆனால் அது ஓடிய காலத்தில் அதில் ஏறியவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது வெறும் பைசிக்கிள். 1885இல் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி தன் ‘ரோவர்’ வண்டியைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்தைச் சுற்ற ஒரு செயின். விழுந்தாலும் அடி குறைவு என்பதால் இந்த வகைக்கு ‘சேஃப்டி’ என்ற பெயர் நின்றது. பழையதைப் பிரித்துச் சொல்ல ‘ஆர்டினரி’ என்றார்கள். பென்னி ஃபார்திங் என்ற வேடிக்கைப் பெயர் அதற்கும் பிந்தியது. 1890களின் தொடக்கத்தில், வண்டியே வழக்கொழிந்துகொண்டிருந்தபோது வந்தது.

பென்னி, ஃபார்திங் இரண்டுமே பழைய பிரிட்டிஷ் நாணயங்கள். ஃபார்திங் என்றால் நாலில் ஒரு பங்கு, அதாவது கால் பென்னி. பெரிய காசையும் சின்னக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வண்டியின் பக்கவாட்டுத் தோற்றம் வரும், அவ்வளவுதான். அளவு பொருந்தாது. 1860க்குப் பின் வந்த வெண்கலப் பென்னியின் விட்டம் சுமார் 31 மில்லிமீட்டர், ஃபார்திங் 20. வண்டியிலோ முன்சக்கரம் 54 அங்குலம் என்றால் பின்சக்கரம் 18 அங்குலம் என்பதுபோல மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? மதிப்பை மட்டும் பார்த்தால் ‘அணா காலணா வண்டி’ என்று ஆசையாக வைத்துவிடலாம். ஆனால் 1907 முதல் வந்த, விளிம்பு நெளிந்த ஓரணாக் காசு 21 மில்லிமீட்டர்தான். காலணாச் செப்புக் காசு 25 மில்லிமீட்டருக்கு மேல். வண்டி பின்பக்கமாகத் திரும்பிவிடும்! ‘ஆர்டினரி’யைப் பெயர்த்துச் ‘சாதாரண மிதிவண்டி’ என்று அருங்காட்சியகத்தின் பெயர் அட்டையில் எழுதினால் இன்னும் மோசம். பார்க்க வருபவர் தெருவில் நிற்கும் சைக்கிளைத்தான் நினைப்பார்.

என் கணக்கில் ‘பெருஞ்சக்கர மிதிவண்டி’ சரியாக வரும். அந்தப் பெருஞ்சக்கரம்தான் இதன் உயிர். செயின் இல்லாததால் பெடல் நேரே முன்சக்கரத்தின் அச்சில், குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளில் இருப்பதுபோலவே, மாட்டியிருக்கும். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. 54 அங்குலச் சக்கரமானால் ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர். வேகம் வேண்டும் என்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. காலின் நீளம்தான் எல்லை. நெட்டையானவர் 60 அங்குலம் வரை போகலாம், குட்டையானவர் 48 அங்குலத்தோடு நிற்க வேண்டியதுதான். இன்றும் கியரை அங்குலத்தில் சொல்லும் பழக்கம் இதன் மிச்சம். பெடலோடு சுற்றும் செயின் வீலில் 44 பல், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பல், சக்கரம் 28 அங்குலம் என்றால், 44ஐ 18ஆல் வகுத்து 28ஆல் பெருக்க, 68 அங்குல கியர். 68 அங்குலப் பெருஞ்சக்கரத்தை மிதித்தால் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு என்று பொருள்.

‘மிதி’ என்ற பகுதியிலும் கவனம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இருசக்கர வண்டியெல்லாம் மிதிவண்டி ஆகாது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைமில் கார்ல் ஃபொன் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்குப் பெடலே கிடையாது, காலால் தரையை உந்தி ஓட வேண்டும். அதற்கு ‘ஈருருளி’ பொருந்தும். 1860களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் வைத்த பிறகுதான் மிதிவண்டி. அந்த வகையின் மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள். கல் பாவிய தெருவில் ஓட்டினால் உடம்பு என்ன ஆகும்? ‘எலும்பு குலுக்கி’ என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது அதனால்தான். ஈழத் தமிழில் வழங்கும் ‘துவிச்சக்கர வண்டி’ எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொல்.

சரி, எதிரில் நிற்பது உண்மையான பெருஞ்சக்கர மிதிவண்டிதானா? அலங்காரத்துக்குச் செய்த நகல்கள் ஏராளம். ஃபோர்க்கிலும், பெரிய சக்கரத்தின் மேலிருந்து குட்டிச் சக்கரத்துக்கு வளைந்து இறங்கும் முதுகுக் குழாயிலும் வெல்டிங் மேடு துருத்திக்கொண்டிருந்தால் அப்போதே சந்தேகப்படலாம். நல்ல வண்டியில் முதுகுக் குழாய் மேலிருந்து கீழே வர வர மெலியும். குட்டிச் சக்கரத்துக்குச் சற்று மேலே, இடப்பக்கம், கால் வைத்து ஏற ஒரு சிறு படி இருக்கும். பெடலை அச்சோடு இணைக்கும் கிராங்கில் நீளவாக்கில் ஒரு பிளவு இருந்தால் அது பெடலைத் தள்ளி மாட்டுவதற்கானது. சக்கரக் கம்பிகளும் காலத்தைக் காட்டும்: அச்சிலிருந்து நேராக விரிந்தால் முந்திய முறை. ஒன்றையொன்று வெட்டிப் போனால் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்ற முறை, அதற்கு முந்தியதாக இருக்காது. இவர் ரோவர்காரரின் பெரியப்பா முறையோ சித்தப்பா முறையோ, ஒரே குடும்பம். ஆனால் நேர்க்கம்பி வண்டிகள் 80களிலும் வந்தன, அதனால் கம்பியை மட்டும் நம்பக் கூடாது.

காட்சிக்கு வைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு பளபளப்பாக்குவது. பழைய பெயின்டும் அதன்மேல் இழுத்த பொன்கோடும் சுரண்டிவிட்டால் திரும்ப வராது. நிக்கல் முலாமைத் தேய்க்கத் தேய்க்க அடியில் இருக்கும் இரும்பு தெரிய ஆரம்பிக்கும். டயர் கெட்டியான ரப்பர், உள்ளே காற்று இல்லை. ஒரே இடத்தில் எடை அழுத்தினால் அங்கே தட்டையாகிவிடும். எனவே வண்டியை நிறுத்தும் தாங்கி எடையை அச்சில் ஏற்க வேண்டும், டயர் தரையைத் தொடக் கூடாது. நேர் வெயில் ரப்பருக்கும் தோல் சீட்டுக்கும் ஆகாது.

அமெரிக்காவில் 1880களில் ‘ஸ்டார்’ என்ற வண்டி வந்தது. அதில் சின்னச் சக்கரம் முன்னால், பெரியது பின்னால். தலைகுப்புற விழும் ஆபத்தைக் குறைக்கச் செய்த மாற்றம். பெருஞ்சக்கர மிதிவண்டி என்ற பெயர் அதையும் தாங்கும். அணா காலணா வண்டி என்ற பெயரை யாராவது விடமாட்டேன் என்றால், இதற்கு வைத்துக்கொள்ளட்டும்.