உங்கள் எச்-இண்டெக்ஸ் எத்தனை? யார் கணக்குப்படி?

பல்கலைக்கழக நூலகத்தில் இப்போதெல்லாம் புத்தகம் கேட்டு வரும் பேராசிரியர்களைவிட சைட்டேஷன் கணக்கு, அதாவது தங்கள் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு, கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பதவி உயர்வு, பிஎச்.டி. மாணவர்களை எடுக்கும் கைடுஷிப் விண்ணப்பம், கல்லூரித் தரம் பார்க்கும் நாக் குழு வருகை, தேசியத் தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப். படிவம் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். "என் எச்-இண்டெக்ஸ் எத்தனைன்னு ஒரு லெட்டர் போட்டுக் கொடுங்க" என்பார்கள். அந்த மேற்கோள்களை வைத்து ஒரு ஆளுக்குப் போடும் ஒற்றை எண்தான் அது. எதில் சார், என்று திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வரும், எச்-இண்டெக்ஸ் என்றால் எச்-இண்டெக்ஸ்தானே, அதில் என்ன எதில் என்று. ஆனால் ஒரே ஆளுக்கு ஒரே நாளில், மேற்கோள்களை எண்ணும் தளங்களான வெப் ஆஃப் சயின்ஸில் 9, ஸ்கோபஸில் 11, கூகுள் ஸ்காலரில் 17 என்று வருவது சர்வ சாதாரணம். மூன்றில் எதுவும் பொய் இல்லை, ஒவ்வொன்றும் தன் கண்ணில் பட்டதை மட்டும் எண்ணியிருக்கிறது.

முதல் இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையும் மாநாட்டு மலர்களையும் நூல்களையும் மட்டும்தான் படிக்கும். ஸ்காலருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆய்வேடு, முன்வரைவு, யாரோ கல்லூரித் தளத்தில் ஏற்றிவைத்த பி.டி.எஃப். எல்லாம் அதற்குக் கணக்குதான். இந்தத் தாராளம் எதுவரை போகும் என்று பார்க்க, 2010இல் பிரான்ஸின் கிரெனோபிளைச் சேர்ந்த சிரில் லாபே என்ற கணினி அறிவியலாளர் ஒரு வேலை செய்தார். சைஜென் என்ற, அர்த்தமே இல்லாத கட்டுரைகளைத் தானாக எழுதித் தள்ளும் நிரலை வைத்து நூறு கட்டுரை தயாரித்து, ஒன்று மற்றொன்றை மேற்கோள் காட்டும்படி அமைத்து, ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியின் பெயரைப் போட்டு இணையத்தில் ஏற்றினார். அன்ட்கேரின் எச்-இண்டெக்ஸ் 94 ஆனது. அன்றைய ஸ்காலர் கணக்கில் ஐன்ஸ்டைன் அவருக்குக் கீழே.

சரி, அந்த எண் என்னதான் சொல்கிறது? 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது இது. உங்களுக்கு ஐந்து கட்டுரைகள் இருக்கின்றன, அவற்றுக்கு முறையே 40, 12, 5, 3, 1 மேற்கோள்கள் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது மூன்று மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் மூன்றுக்குக் குறையாமல் உண்டு, ஆனால் நான்கு பெற்றவை நான்கு இல்லை. எனவே எச்-இண்டெக்ஸ் 3. இப்போது முதல் கட்டுரையின் 40-ஐ அழித்துவிட்டு 4,000 என்று எழுதுங்கள். உலகமே எடுத்துப் பயன்படுத்தும் கட்டுரையாகிவிட்டது, எச்-இண்டெக்ஸ் அப்போதும் 3தான். இந்த எண் ஒருபோதும் இறங்காது, ஓய்வு பெற்ற பிறகும் ஏறும், முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் ஒரே அளவுகோல். கணிதத்தில் ஒரு கட்டுரைக்கு மேற்கோள் மெதுவாகவும் குறைவாகவும் வரும், மருத்துவத்திலும் பொருள் அறிவியலிலும் மளமளவென்று வரும். கணிதத் துறை ஆளையும் நானோ பொருள்கள் ஆளையும் ஒரே பட்டியலில் வைத்து வரிசைப்படுத்தும் கமிட்டி எத்தனையோ உண்டு.

இதெல்லாம் ஆளை எடைபோட உண்டாக்கியதே அல்ல என்பதுதான் வேடிக்கை. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சயின்ஸ் இதழில் சைட்டேஷன் இண்டெக்ஸ் யோசனையை எழுதியபோது அவருக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்க வக்கீல்கள் வைத்திருந்த ஒரு தேடல் நூல். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்த வழக்குகளில் எடுத்துக்காட்டினார்கள், அது இன்னும் செல்லுமா, அடிபட்டுப்போனதா என்று அதில் பார்க்கலாம். அதே மாதிரி ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்று தேட வழி வேண்டும் என்றார். 1964இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது. தேடுவதற்கு வந்த கருவி, எண்ணுவதற்கு வசதியாக இருந்தது, எண்ண ஆரம்பித்தார்கள். துறைகள் எப்படி வளர்கின்றன, யார் யாருடன் சேர்ந்து எழுதுகிறார்கள், எந்த நாடு எதில் முன்னால் நிற்கிறது என்றெல்லாம் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை மொத்தமாக வைத்துப் பார்ப்பதுதான் பிப்ளியோமெட்ரிக்ஸ். அதற்கு அது நல்ல கருவி, நானே அதை வைத்துத்தான் எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவு செய்கிறேன். லைடன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் வாஸ்வியூவர் என்ற மென்பொருளில் ஒரு துறையின் கட்டுரைகளைப் போட்டு வரைபடமாகப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த பிஎச்.டி. மாணவருக்கு ஆறு மாத வாசிப்பு மிச்சம். கூட்டத்தில் பிழைகள் ஒன்றை ஒன்று ஓரளவு ஈடு செய்துகொள்ளும். ஒரே ஒரு ஆளைப் பற்றிய கணக்கில் அந்தச் சௌகரியம் கிடையாது, நான்கு கட்டுரை விட்டுப்போனால் அவருடைய இன்க்ரிமெண்ட்டே போய்விடும்.

அந்த நான்கு கட்டுரை எப்படி விட்டுப்போகும் என்று கேட்கிறீர்களா? நம் பெயரால்தான்.

குடும்பப் பெயர் ஒன்று எல்லோருக்கும் இருக்கும் என்று நம்பிக் கட்டிய தரவுத்தளங்கள் இவை. நமக்கு இருப்பதோ இனிஷியல். கே. செந்தில் குமார் என்று ஒருவர் ஒரு கட்டுரையில் இடம்விட்டு எழுதினால் கடைசிச் சொல் குடும்பப் பெயராகி, குமார், கே. எஸ். என்று பதிவாகும். அடுத்த கட்டுரையில் சேர்த்து எழுதினால் செந்தில்குமார், கே. வெளிநாட்டு மாநாட்டுக்கு பாஸ்போர்ட்டில் உள்ளபடி இனிஷியலை விரித்து எழுதினால் அப்பா கருப்பசாமி குடும்பப் பெயராகி, கருப்பசாமி, எஸ். ஆகிவிடுவார். ஸ்கோபஸ் இவர்களை மூன்று தனி மனிதர்களாகக் கருதி மூன்று ப்ரொஃபைல் போட வாய்ப்புண்டு. மறுபக்கம், குமார், எஸ். என்று தேடினால் இந்தியா முழுக்க உள்ள குமார்கள் வந்து குவிவார்கள், அதில் நான்கைந்து பேர் ஒரே ப்ரொஃபைலுக்குள் கலந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். சிவில் துறைக்காரர் கணக்கில் பூச்சியியல் கட்டுரை. அவர் அதை எடுக்கச் சொல்லவும் இல்லை, எண்ணிக்கை கூடத்தானே செய்கிறது! பெண்களுக்கு இன்னொரு தொல்லை: கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். பிஎச்.டி. காலத்தில் எழுதிய நல்ல கட்டுரைகளெல்லாம் ஒரு பெயரில், வேலைக்கு வந்தபின் எழுதியவை இன்னொரு பெயரில் என்று பிரிந்து கிடக்க, கமிட்டி முன்னால் இருப்பது பாதிக் கணக்கு.

2012இலிருந்து ஆர்கிட் என்ற 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்து, ஒவ்வொரு கட்டுரையையும் அனுப்பும்போதே கொடுத்து, முதல் கட்டுரையில் பெயரை எப்படி எழுதினீர்களோ அப்படியே கடைசிவரை எழுதினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது. மாணவர்களிடம் நான் முதல் நாளே சொல்வது இதைத்தான். ஆர்கிட் எடுப்பார்கள், கட்டுரைகளைச் சேர்க்க மறந்து காலியாகவே வைத்திருப்பார்கள்.

அடுத்தது, யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பது. எண்ணை மட்டும் பார்க்காமல் அதன்மேல் ஒரு க்ளிக் செய்து அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் எந்தக் கமிட்டியிலும் யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு முறை ஒருவருடைய கட்டுரைக்குத் திடீரென்று மேற்கோள் எகிறியிருந்தது. பட்டியலைத் திறந்தால், பெரும்பாலானவை ஒரே மாநாட்டு மலரின் கட்டுரைகள். அவற்றில் சிலவற்றை எடுத்துப் படித்தேன். முன்னுரையின் கடைசி வரியில் "இத்துறையில் பலரும் ஆய்வு செய்துள்ளனர்" என்று ஒரு வாக்கியம், அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் 12 முதல் 38 வரை என்று எண்கள். அந்த இருபத்தேழில் ஏழெட்டு அவருடையவை. கட்டுரையின் பொருளோ வேறு. மாநாட்டை நடத்தியது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றமில்லை. தொடர்ந்து ஒரே விஷயத்தில் வேலை பார்ப்பவர் போன கட்டுரையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அளவு என்று ஒன்று இருக்கிறது. 2019இல் ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு, அதிகம் மேற்கோள் பெற்ற ஒரு லட்சம் பேரின் தரவை வெளியிட்டபோது நேச்சர் இதழ் அதை அலசியது. சொந்த மேற்கோளும் உடன் எழுதியவர்கள் காட்டியதும் சேர்த்து நடுமட்ட அளவு 12.7 சதவீதம். குறைந்தது 250 பேருக்கு அது பாதிக்கும் மேல். அதே குழுவின் பட்டியல்தான் ஆண்டுதோறும் "உலகின் தலைசிறந்த இரண்டு சதவீத விஞ்ஞானிகள்" என்று நம் கல்லூரி வாசல்களில் ஃபிளெக்ஸாகத் தொங்குகிறது. அது ஸ்டான்ஃபோர்ட் கொடுக்கும் விருது அல்ல, ஸ்கோபஸ் தரவிலிருந்து எடுத்த ஓர் எக்செல் கோப்பு, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். சொந்த மேற்கோளைக் கழித்தால் வரும் இடத்துக்கு ஒரு பத்தி, வாபஸ் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு ஒரு பத்தி என்று அதிலேயே இருக்கின்றன. ஃபிளெக்ஸில் அந்தப் பத்திகள் வருவதில்லை.

அப்புறம், மேற்கோள் என்றாலே பாராட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட்டில் வந்து 2010இல் வாபஸான கட்டுரைக்கு ஏராளமான மேற்கோள்கள் உண்டு, மறுப்பதற்காகவே எடுத்துக்காட்டியவை அவற்றில் நிறைய. இன்னொரு பக்கம், உலகத்திலேயே அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை, கரைசலில் புரதத்தை அளக்கும் முறையைப் பற்றி லவுரி குழு 1951இல் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேல். ஆய்வகத்தில் அந்த முறையைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன வாட்சன்–கிரிக்கின் 1953 கட்டுரை, நேச்சர் 2014இல் வெளியிட்ட முதல் நூறில் இடமே பெறவில்லை.

ஓர் இதழின் முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் வந்தது என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை, ஒரு கதை போதும். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2-க்குச் சற்று மேலிருந்து 2009இல் 49.9-க்குத் தாவியது. இதழ் மாறவில்லை, ஆசிரியர் குழு எந்தத் தந்திரமும் செய்யவில்லை. படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரையை அதைப் பயன்படுத்திய அத்தனை பேரும் மேற்கோள் காட்டியிருந்தார்கள். கணக்கு இரண்டு வருடக் கட்டுரைகளுக்கானது, அந்தக் காலம் முடிந்ததும் எண் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இடையில் அதே இதழில் எழுதிய மற்றவர்கள் தங்கள் கட்டுரைக்கு 49.9 மதிப்பு என்று படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தால் யார் தடுக்க முடியும்?

எண் வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் நெருக்க, கீழே ஒரு சந்தையே முளைத்துவிட்டது. "ஸ்கோபஸ் க்யூ2, முதல் ஆத்தர் இடம் காலி, உடனே தொடர்பு கொள்ளவும்" என்று வாட்ஸ்அப் செய்தி வராத ஆராய்ச்சி மாணவர் இருக்க மாட்டார் (க்யூ2 என்றால் தர வரிசையில் இரண்டாவது கால்பகுதியில் உள்ள இதழ்). இதழ் உண்மையானதா, அதே பெயரில் யாரோ போட்ட போலித் தளமா என்பது ஒரு பிரச்சினை. உண்மையான இதழாகவே இருந்தாலும் ஸ்கோபஸ் அதை எந்த ஆண்டுவரை எடுத்துக்கொண்டது என்பது இன்னொன்று. ஸ்கோபஸின் சோர்ஸஸ் பக்கத்தைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐப் போட்டுத் தேடி, பெயருக்குக் கீழே ஆண்டுகளைப் பாருங்கள், "நிறுத்தப்பட்டது" என்று இருந்தால் காசைக் கட்டாதீர்கள். பெரிய பதிப்பகம் என்ற பெயரும் காப்பாற்றாது: வைலியின் கையில் இருந்த ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வாபஸ் ஆயின. இப்போது என்.ஐ.ஆர்.எஃப். வாபஸான கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கத் தொடங்கியிருக்கிறது. நேற்றுவரை எண்ணிக்கையைக் கூட்டச் சொன்ன நிர்வாகம் நாளை உங்களைத்தான் விளக்கம் கேட்கும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தமான இடம் தமிழ்த் துறை. ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் வருடக்கணக்காகப் படித்துப் பதிப்பிக்கிறவர்கள் எழுதுவது நூலாக வரும், தமிழ் இதழில் வரும், மாநாட்டு மலரில் வரும். அதில் அனேகமாக எதுவும் ஸ்கோபஸுக்குத் தெரியாது. உ.வே.சா.வே இன்று இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தால் எச்-இண்டெக்ஸ் பத்தியில் பூஜ்யம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். இயற்பியலுக்கு அச்சடித்த படிவத்தையே தமிழுக்கும் வரலாற்றுக்கும் நீட்டும் பல்கலைக்கழகங்கள், இதழ் அளவீடுகளை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று சொல்லும் 2013ஆம் ஆண்டின் டோரா பிரகடனத்தை ஒரு முறையாவது படித்துவிட்டு அப்புறம் படிவம் அச்சடிக்கலாம்.

நான் இப்போது கொடுக்கும் கடிதத்தில் வெறும் எண் இருக்காது. எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் பார்த்தது, எந்தெந்தப் பெயர் வடிவங்களில் தேடியது, சொந்த மேற்கோளைக் கழித்தால் எத்தனை என்பதோடு, விண்ணப்பிப்பவரே தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகளின் பெயரும், ஒவ்வொன்றிலும் அவருடைய பங்கு என்ன என்று அவர் எழுதிக்கொடுத்த இரண்டு வரியும் இருக்கும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் போட்ட ஹிக்ஸ் துகள் கட்டுரை ஒன்று 2015இல் வந்தது, அதன் மேற்கோள் முழுதாக ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும், அதனால்தான் அந்தப் பங்கு என்ற வரி. முதலில் முணுமுணுத்தார்கள். நேர்காணலில் பேசுவதற்கு இது வசதியாக இருக்கிறது என்று இப்போது சிலர் கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஒன்று மட்டும்: சிதறிய ப்ரொஃபைல்களை ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு எழுதினால் அவர்கள் பார்த்துச் சரிசெய்யச் சில நாள், சில நேரம் சில வாரம்கூட ஆகும். நாக் குழு நாளைக் காலை வருகிறது என்று இன்று மாலை ஐந்து மணிக்கு வந்து நின்றால் எந்த லைப்ரரியனாலும் ஒன்றும் செய்ய முடியாது.