மயோஃபேசியல் ரிலீஸ்: சொல்லும் பொருளும் தமிழும்

இயன்முறை மருத்துவ நிலையங்களின் பலகைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களிலும், கையால் தசையிறுக்கத்தைத் தணிக்கும் சிகிச்சைகளின் பெயர்களாக, ‘மயோஃபேசியல் ரிலீஸ்’, ‘டிரிக்கர் பாயிண்ட் தெரபி’ என்னும் இரண்டு தொடர்களை இன்று அடிக்கடி காண்கிறோம். கழுத்து பிடித்துக்கொண்டது என்றோ இடுப்பு இழுக்கிறது என்றோ அங்கே போகிறவர்களுக்கு, தம் உடம்பில் செய்யப்படுவது இன்னதென்று அந்தப் பெயர்கள் எதையும் உணர்த்துவதில்லை. தமிழில் எழுத முனைகிறவர்களோ ‘தசைப்படல விடுவிப்பு’ என்றும் ‘விசைப்புள்ளிச் சிகிச்சை’ என்றும் ‘வர்மப்புள்ளி மசாஜ்’ என்றும் ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். இவற்றுள் சில பொருளையே திரித்துவிடுகின்றன. கையால் செய்யும் மருத்துவத்தில், செயலுக்கு வைத்த பெயரே அதைச் செய்கிற கைக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறது. ஆகவே இச்சொற்களை வேர்வரை பார்த்துவிட்டுத் தமிழாக்குவதே முறை.

‘ஃபேசியா’ இலத்தீன் சொல். பட்டை, கச்சை, காயத்தின்மேல் சுற்றும் கட்டுத்துணி, பிறந்த குழந்தையைச் சுற்றி வைக்கும் நீளத்துணி ஆகியவற்றுக்கெல்லாம் உரோமானியர் இந்த ஒரே சொல்லை வழங்கினர். கட்டு, கற்றை என்று பொருள்படும் ‘ஃபாஸ்கிஸ்’ இதன் உறவுச்சொல். உரோமானிய அதிகாரிகளுக்கு முன்னே கோடரியுடன் சேர்த்துக் கட்டி ஏந்திச் செல்லப்பட்ட பிரம்புக் கற்றைக்கும் அதுவே பெயர். இத்தாலியில் தோன்றிய ‘பாசிசம்’ என்னும் அரசியற்சொல்லும் அந்த வேரிலிருந்து கிளைத்ததுதான். உடற்கூற்று நூலார் தசைகளைச் சுற்றிக் கிடந்த வெண்படலத்தைப் பார்த்தபோது அவர்களுக்குக் கட்டுத்துணி நினைவுக்கு வந்திருக்கிறது.

அந்தப் படலத்தைக் காணப் பிணக்கூராய்வுக் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை முன் நின்று, தொங்கும் ஆட்டுத்தொடையை உற்றுப் பார்த்தாலே போதும். சிவந்த தசையின்மேல் ஈரப்பளபளப்போடு, பாதி ஒளி ஊடுருவும்படி, வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். கடைக்காரர் கத்தி நுனியால் அதன் ஓரத்தைச் சற்றே கீறிவிட்டு, இரண்டு தசைகளுக்கு இடையில் விரலை நுழைத்துத் தள்ளுவார். கத்தி படாமலேயே தசைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வரும். விலகும் இடத்தில் சிலந்தி நூல்போல மெல்லிய இழைகள் நீண்டு அறுபடும். ‘ஜவ்வை எடுத்துடுங்க’ என்று நாம் சொல்வது இதைத்தான். உடலின் ஃபேசியாவும் இதே பொருள்தான்: கொலாஜன் இழைகளால் நெய்யப்பட்டு, தோலுக்கடியில் ஓர் அடுக்காகவும், தசைகளைச் சூழ்ந்து அடர்ந்த அடுக்குகளாகவும், தசைக்குள்ளேயே புகுந்து ஒவ்வொரு நார்க்கற்றையையும் சுற்றியும் தொடர்ந்து செல்வது. அடுக்குகளுக்கிடையே ஹயலுரானிக் அமிலம் கலந்த வழுவழுப்பான நீர்மம் இருப்பதால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லா ஸ்டெக்கோ போன்ற உடற்கூற்றியலாளர்கள் இந்த வழுக்கல் குறைவதையே விறைப்புக்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதுகிறார்கள். மாணவர்கள் தசையைத் தெளிவாகப் பார்ப்பதற்காக அறுத்து அப்புறப்படுத்திய படலத்துக்கென்றே 2007இல் பாஸ்டன் நகரில் பன்னாட்டு ஆய்வு மாநாடு கூடியது.

இதற்குத் தமிழில் எதைச் சொல்வது? பேச்சு வழக்கில் ‘சவ்வு’ இருக்கிறது. ஆனால் மூளைச்சவ்வு, உயிரணுச் சவ்வு என்று அச்சொல் வேறு பொருள்களுக்கு ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. ‘தசையுறை’ என்றால் உறைக்குள் கத்தி இருப்பதுபோலத் தசை தனியே உள்ளே கிடக்கிறது என்றாகும். தசைக்குள்ளும் ஊடுருவும் ஒன்றுக்கு உறை என்பது பொருந்தாது. ‘தசைநார்’ என்று எழுதுவது இவற்றினும் பெரிய பிழை. எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாணையும் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணைநாரையும் அச்சொல்லாலேயே மாறி மாறிக் குறித்து வருகிறோம். மூன்றாவதாக ஒன்றையும் அதன் தலையில் ஏற்றினால் மருத்துவக் குறிப்பில் எது கிழிந்தது, எது இறுகியது என்றே தெரியாமற்போகும். எஞ்சுவது ‘படலம்’. கண்ணில் படரும் மெல்லிய திரைக்குப் படலம் என்பது நம் வீடுகளில் பழகிய பேச்சு. பரவிக் கிடப்பது, மெல்லியது, ஒன்றை மூடியிருப்பது என்ற மூன்று கருத்தும் அதில் உண்டு. எனவே ஃபேசியா முழுமைக்கும் ‘திசுப்படலம்’ என்பதே தக்கது. திசுவை ‘இழையம்’ என்று வழங்கும் இலங்கைத் தமிழர் ‘இழையப்படலம்’ என்று எழுதலாம், அது இன்னும் நல்ல தமிழ். தசையைச் சார்ந்த பகுதியை மட்டும் சுட்டும்போது ‘தசைப்படலம்’ என்க. எல்லா இடத்திலும் தசைப்படலம் என்று எழுதுவது சரியன்று. ஏனெனில் தோலுக்கடியில் இருக்கும் திசுப்படலம் தசையைச் சேர்ந்ததே அன்று.

‘மயோ’ என்னும் முன்னொட்டு ‘மூஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு எலி என்றும் தசை என்றும் பொருள். இலத்தீனின் ‘மஸ்குலுஸ்’ என்பதும் சுண்டெலி என்றே பொருள்படும். புயத்தை மடக்கும்போது தோலுக்கடியில் ஓடி ஒளியும் எலியை அவர்கள் கண்டார்கள். தமிழர் கண்டது மீனை. முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டிருக்கும் தசைக்கும் ஆற்றில் துள்ளும் மீனுக்கும் கெண்டை என்ற ஒரே பெயர் வழங்குகிறது. நடு இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அந்தத் திரட்சி தானாகத் துள்ளுவதைக் கண்டவர்களுக்கு அப்பெயரின் அருமை விளங்கும். தசை, சதை இரண்டையும் பேச்சில் வேறுபாடின்றி வழங்கினாலும், எழுத்தில் இயங்கும் உறுப்பைத் தசை என்றும் பொதுவான ஊனைச் சதை என்றும் பிரித்துக்கொள்வது தெளிவு தரும்.

இனி ‘டிரிக்கர் பாயிண்ட்’: அழுத்தினால் வேறிடத்திலும் வலியை எழுப்பக்கூடிய, தசையிலுள்ள இறுகிய புள்ளி. டிரிக்கர் என்பது இழுத்தல் என்று பொருள்படும் டச்சு வினையிலிருந்து பிறந்து, துப்பாக்கியில் விரலால் இழுக்கும் உறுப்புக்குப் பெயராகி, பின்னர் ‘ஒன்றை இங்கே தொட்டால் மற்றொன்று அங்கே நிகழும்’ என்ற கருத்துக்கு விரிந்த சொல். மருத்துவத்தில் இந்தத் தொடரை நிலைபெறச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல். முதுகுவலியால் அவதியுற்ற கென்னடிக்கு மருத்துவம் பார்த்து, 1961இல் வெள்ளை மாளிகையில் அதிபரின் மருத்துவராகப் பொறுப்பேற்ற முதல் பெண் அவர். கென்னடியின் படங்களில் காணப்படும் ஆடுநாற்காலி அவர் பரிந்துரைத்தது. இப்புள்ளிகளைப் பற்றி அவரும் டேவிட் சைமன்ஸும் எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1983இலும் இரண்டாம் தொகுதி 1992இலும் வெளிவந்தன. ஒவ்வொரு தசையின் படத்திலும், அழுத்த வேண்டிய இடம் பெருக்கல் குறியாலும் வலி போய்ச் சேரும் இடம் சிவப்பாலும் காட்டப்பட்டிருக்கும். இதற்கு முன்பே, 1938இல், இலண்டனில் ஜோனஸ் கெல்கிரன் தசைகளுக்குள் அடர்ந்த உப்புநீரை ஊசியால் செலுத்தி, ஊசி குத்திய இடத்துக்கு அப்பாலும் வலி தோன்றுவதைப் பதிவு செய்திருந்தார்.

தன் தோளில் இதைப் பார்க்க விரும்புகிறவர், கழுத்தும் தோளும் சேரும் சரிவில் இருக்கும் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் மெதுவாகப் பிடித்து உருட்டிப் பார்க்கலாம். மற்ற நார்களைவிட விறைப்பாக, கயிறுபோல ஒன்று விரலில் தட்டுப்படும். அந்தக் கயிற்றின்மேலேயே ஊர்ந்து போனால் ஓரிடத்தில் பயறளவு கட்டியாக உணர்வீர்கள். அங்கே அழுத்தம் விழுந்தவுடன் ‘ஆ, இதுதான்’ என்று வாய் தானாகச் சொல்லும். சிலருக்குச் சில நொடிகளில் அதே பக்கத்து நெற்றிப்பொட்டில் வலி எழும்பும். விறைத்த அந்த நாரைத்தான் நாம் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோம். மருத்துவப் பொருளில் அது நரம்பு அன்று. ஆனால் யாழின் தந்திக்கு நரம்பு என்று பெயர் வைத்த மொழி நம்முடையது என்பதையும், மருத்துவர்கள் அந்த நாரைக் கண்டறியக் குறுக்காக விரலை ஓட்டித் தந்தியைச் சுண்டுவது போலவே சுண்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் நினைத்தால், பேச்சுவழக்கைப் பழிக்க மனம் வருவதில்லை. குறிப்பேட்டில் மட்டும் ‘விறைத்த நார்’ என்று எழுதுவோம்.

தமிழில் இதற்கு மூன்று நான்கு பெயர்கள் உலவுகின்றன. ‘முடிச்சு’ என்பது நோயாளிக்கு எளிதில் புரியும். கைக்குத் தட்டுப்படுவதையும் சரியாகச் சொல்கிறது. ஆனால் வலி வேறிடம் போவதைச் சொல்லவில்லை. ‘விசைப்புள்ளி’ துப்பாக்கியின் விசையை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டது. இயற்பியல் படித்தவர் அதை விசை செயற்படும் புள்ளி என்றே கொள்வார். ‘வர்மப்புள்ளி’ என்பதை நான் முழுமையாக மறுக்கிறேன். வர்மம் தனக்கென நூல்களும் ஆசான் மரபும் உடைய கலை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று அதன் இடங்கள் வகுக்கப்பட்டு, மனிதர் யாராயினும் அந்தந்த இடத்திலேயே இருப்பவையாகக் கொள்ளப்படுகின்றன. இங்கே பேசப்படும் புள்ளியோ ஒருவருக்கு இருந்து மற்றொருவருக்கு இல்லாதது, இன்று தோன்றிச் சில வாரங்களில் மறையக்கூடியது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் இரண்டு அறிவுமே கெடும்.

என் தேர்வு ‘தூண்டுபுள்ளி’. தூண்டுதல் என்ற வினையை நாம் விளக்கோடு பழகிக் கற்றோம்: திரியின் நுனியைக் கொஞ்சம் தூண்டினால் வெளிச்சம் கூடம் முழுவதும் பரவுகிறது. ஓரிடத்தில் தொடுவது வேறிடத்தில் விளைவது என்ற கருத்து, துப்பாக்கியின் துணையின்றியே, அவ்வினையில் அடங்கியிருக்கிறது. தூண்டுபுள்ளி வினைத்தொகை ஆகையால் தூண்டிய, தூண்டுகின்ற, தூண்டும் என முக்காலத்தையும் உள்ளடக்கும். அழுத்தாமலே வலிப்பவை, அழுத்தினால் மட்டும் வலிப்பவை என்று டிராவெல் இருவகைப்படுத்திய புள்ளிகள் இரண்டையும் அது தாங்கும். தேவைப்படும்போது ‘விழித்த தூண்டுபுள்ளி’, ‘உறங்கும் தூண்டுபுள்ளி’ என்று பிரித்துச் சொல்லலாம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எனவே ‘தூண்டுப்புள்ளி’ என்று ஒற்று இட்டு எழுதுதல் பிழை.

இச்சொல்லை ஏற்கும்போது ஒன்றையும் மறைக்கக்கூடாது. தூண்டுபுள்ளி என்பது உண்மையில் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரே நோயாளியை இருவர் தொட்டுப் பார்த்தால் ஒரே இடத்தைச் சுட்டுவார்கள் என்பதற்கும் உறுதியில்லை. வலி இருப்பது உண்மை. அதன் விளக்கம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

மிகுந்த கேடு விளைத்திருப்பது ‘ரிலீஸ்’ என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு. ‘விடுவிப்பு’ என்று எழுதியவுடன், எங்கோ சிக்கி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்த்து விடுவிப்பதாக ஓர் எண்ணம் எழுகிறது. செய்கிறவர் முழங்கையை ஊன்றுகிறார், படுத்திருப்பவர் வலி அதிகமானால் பலனும் அதிகம் என்று பல்லைக் கடிக்கிறார், மறுநாள் தோல் கன்றிப்போகிறது. 2008இல் வெளியான கணித மாதிரி ஆய்வொன்று, தொடையின் அகன்ற திசுப்படலத்தையும் உள்ளங்காலின் தடித்த திசுப்படலத்தையும் நூற்றில் ஒரு பங்கு உருமாற்றுவதற்கே மனித உடல் இயல்பாகத் தாங்கும் அளவை மீறிய விசை வேண்டும் என்று கணக்கிட்டது. அத்தகைய படலங்களைக் கையால் இழுத்து நீட்டிவிட முடியாது. ஆயினும் தொட்டபின் இறுக்கம் குறைவதைச் செய்கிறவரும் படுத்திருப்பவரும் உணர்கிறார்கள். நரம்பு மண்டலம் அந்தத் தொடுகையை ஏற்றுத் தசையின் இறுக்கத்தைத் தணிப்பதே இதற்குக் காரணம் என்று இன்று பலரும் கருதுகிறார்கள்.

சொல்லின் வேரும் இதையே சொல்கிறது. ரிலீஸ், ரிலாக்ஸ் இரண்டும் ‘தளர்த்து’ என்னும் ஒரே இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. அதற்குரிய தமிழ்வினை ‘இளக்கு’. வெல்லம் இளகும், மெழுகு இளகும், கேட்டவர் மனம் இளகும். இவை எதுவும் அடித்து நிகழ்வதன்று, இதமும் பொறுமையும் சேர்ந்து நிகழ்வது. மயோஃபேசியல் ரிலீஸ் என்பதை ‘தசைப்படல இளக்கம்’ என்று எழுதினால், படிக்கும் மாணவரின் கை முதல் நாளே சரியான அழுத்தத்தைக் கற்கும். எண்ணெய் அதிகம் இல்லாமல் உள்ளங்கையைத் தோலில் பதித்து, வழுக்காமல், தடை தட்டும்வரை மெல்ல இழுத்து, அங்கேயே ஒன்றரை நிமிடமோ அதற்கு மேலோ காத்திருந்து, இளகும்போது உடன் செல்வதுதான் இம்முறை. தூண்டுபுள்ளிச் சிகிச்சையிலும் இதே மாற்றம் நேர்ந்தது. இரத்தம் தடைப்படும் அளவுக்கு அழுத்த வேண்டும் என்று தொடக்கத்தில் கற்பிக்கப்பட்டது. டிராவெல், சைமன்ஸ் கையேட்டின் 1999இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைக் கைவிட்டு, விரலுக்குத் தடை தெரியும் இடத்தில் நின்று அது விட்டுக்கொடுக்கக் காத்திருக்கும்படி மாற்றிச் சொன்னது.

‘மசாஜ்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் போட்டு மூடியிருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மேலோட்டமாகத் தடவிச் செல்வது நீவல். நாரின் நீளத்துக்கு விரலை அழுத்தி இழுப்பது உருவல். மாவைப்போலத் திரட்டுவது பிசைதல். பற்றி அழுத்தி விடுவது பிடித்துவிடுதல். சித்த மருத்துவம் தொக்கணம் என்னும் தன் கைமருத்துவ முறையைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாக வகுத்திருக்கிறது. தொக்கணமும் தசைப்படல இளக்கமும் ஒன்றே என்று உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் கையின் அசைவுகளுக்கு இத்தனை வினைகள் இருக்கும்போது, நெறிமுறைக் குறிப்பில் ‘மசாஜ் செய்யவும்’ என்று மட்டும் எழுதுவது போதாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் எந்த வினையும் வேண்டாம். இரத்தம் உறைந்திருக்கக்கூடும், உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இச்சொற்களைக் கொண்டு ஒரு நோயாளிக் குறிப்பை இப்படி எழுதலாம்: ‘வலது மேல்தோள் தசையில் விறைத்த நார். நடுவில் விழித்த தூண்டுபுள்ளி. அழுத்தினால் வலது நெற்றிப்பொட்டில் வலி. முதலில் தசைப்படல இளக்கம், இரண்டு நிமிடம். பின்பு தூண்டுபுள்ளியில் தடை தெரியுமளவு அழுத்தம். வலி பாதியாகக் குறையும்வரை காத்திருக்க. முடிவில் கழுத்து நோக்கி நீவல். நாளை கன்றியிருந்தால் அழுத்தத்தைக் குறைக்க.’