வீதியோரக் கொங்கிரீட் வெடித்தால் வரைபடத்தைக் கேளுங்கள்

கொட்டாஞ்சேனைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய ஒழுங்கையை அகலமாக்கப் போட்ட கொங்கிரீட் ஓரம் ஒரு மாரிகூடத் தாங்கவில்லை. பழைய வீதிக்கும் புதிய ஓரத்துக்கும் நடுவே சுண்டுவிரல் போகும் இடைவெளி. லொறி ஏறும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து சேற்றுத் தண்ணீர் பீச்சியடிக்கிறது. கேட்கப் போனால் ஒரு கந்தோரில் 'இது எங்கட வீதி இல்லை', அடுத்ததில் 'ஐயா இல்லை, திங்கள் வாங்கோ'. நாலு முறை அலைந்தார், ஒரு வரி எழுதிக் கொடுக்க ஆளில்லை.

இனி வாயால் கேட்டு அலையாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி இலங்கைக் குடிமக்கள் எவரும் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் சிக்கல், வீதி யாருடையது என்பது. காலி வீதி போன்ற ஏ, பீ தர வீதிகள் (அதாவது பிரதான வீதிகள்) வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை; நகருக்குள் ஒழுங்கைகள் பெரும்பாலும் மாநகர சபைக்குரியவை. சந்தேகமென்றால் இரண்டுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். 'எங்களிடம் இல்லை' என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது கேள்வி. 'ஏன் வெடித்தது?' என்று எழுதினால் 'அப்படித் தகவல் இல்லை' என்று முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: அங்கீகரித்த குறுக்குவெட்டு வரைபடம், அளவுப் பட்டியல் (எந்த வேலை, எவ்வளவு என்ற கணக்கு), 28 நாள் கியூப் சோதனை அறிக்கை (கொங்கிரீட் கட்டியை 28ஆம் நாள் நசுக்கிப் பலம் பார்த்தது), குறைதிருத்தக் காலம் (ஒப்பந்தக்காரர் தன் செலவில் குறையைத் திருத்த வேண்டிய காலம்) முடியும் திகதி. வரைபடம் கைக்கு வந்ததும் ஓரத்தின் தடிப்பையும், அடியில் போட்ட கல் படுக்கையையும், பழைய வீதியும் கொங்கிரீட் என்றால் அதோடு ஓரத்தைப் பிணைக்கும் கம்பியையும் பாருங்கள். கம்பி இல்லாவிட்டால் இரண்டும் சேரும் மூட்டு விரியும், தண்ணீர் இறங்கும், அடி மண் கரையும். ஓரம்தானே என்று மெல்லிசாகப் போட்டுவிட்டு அதிலேயே லொறியை நிறுத்த விடுவதும் நடக்கிறது.

கடிதம் கொடுத்ததற்கான சான்றை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். இல்லாவிட்டால் அப்புறம் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று உங்களால் காட்ட முடியாது. 'தகவல் அலுவலரை (இந்தக் கடிதங்களுக்குப் பதில் சொல்பவரை) இன்னும் நியமிக்கவில்லை' என்பது வெறும் சாட்டு; நியமிக்காவிட்டால் நிறுவனத் தலைவரே அந்த அலுவலர். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். 'ஒப்பந்தம் இரகசியம்' என்று வாயால் சொன்னதை நம்பித் திரும்பாதீர்கள். மறுப்பு வந்து 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்' மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

குறைதிருத்தக் காலம் பெரும்பாலும் ஓராண்டுதான். அது முடிந்தால் ஒப்பந்தக்காரரிடம் பிடித்துவைத்த காசையும் விட்டுவிடுவார்கள், பிறகு அவரைத் திரும்பக் கூப்பிடுவது பெரும்பாடு. அக்காவுக்கு அலைச்சலிலேயே ஐந்து மாதம் போனது. வெடிப்பைக் கண்ட கிழமையே அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து, கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள்.